பேஸ் ஜம்ப் பண்றவங்க எடுக்கற ரிஸ்க், அதுக்கு யார் பொறுப்பு: என்கிட்ட அடிக்கடி கேட்கற கேள்விகள்

நான் சுவிட்சர்லாந்துல பெர்ன் பக்கம் எட்டு வருஷமா இருக்கேன், ஐடி வேலை, சொந்த ஊர் திண்டுக்கல். பிளேன்ல இருந்து குதிக்கற ஸ்கைடைவிங் நானும் பண்ணிருக்கேன், ஆனா பேஸ் ஜம்ப் ஒரு தடவைகூட பண்ணினது இல்ல. பண்றவங்க நாலஞ்சு பேர் எனக்கு நெருங்கின நண்பர்கள். அவங்க கூட லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்குக்கு போனா கீழ நிக்கற ஆள் நான்தான், காத்து எப்படி இருக்குன்னு மேல இருக்கறவங்களுக்கு போன்ல சொல்றது, காரை கொண்டு வர்றது, ஏதாவது ஆயிடுச்சுன்னா அவங்க வீட்ல யாருக்கு சொல்லணுமோ அந்த நம்பரை வெச்சிருக்கறது, இதெல்லாம் என் வேலை. ஊர்ல இருக்கற சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்க, யாராவது ஒரு வீடியோவ பார்த்துட்டு என்கிட்ட கேட்கற கேள்விகள் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கு, அதனால என் பதிலை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வெக்கறேன்.

பேஸ் ஜம்ப்னா என்ன? அதுவும் ஸ்கைடைவிங் மாதிரிதானே?

இல்லைங்க, பாராசூட் ஒண்ணுதான் ரெண்டுக்கும் பொது. பேஸ்ல பிளேன் கிடையாது, பில்டிங், ஆன்டெனா, ஸ்பான், எர்த், இந்த நாலுல ஒண்ணுல இருந்து குதிக்கறது, இந்த நாலு வார்த்தையோட ஆங்கில முதல் எழுத்துதான் பேஸ். ஸ்பான்னா பாலம், எர்த்னா மலை முகடு. அமெரிக்காவுல கார்ல் பேனிஷ், அவர் மனைவி ஜீன் பேனிஷ், ஃபில் ஸ்மித், ஃபில் மேஃபீல்ட் இவங்க நாலு பேரும்தான் அந்த பேரை வெச்சாங்க, நாலு வகையிலயும் குதிச்சு முடிச்சவங்களுக்கு 1981-ல வரிசை நம்பர் கொடுக்க ஆரம்பிச்சதும் இவங்களேதான்.

உண்மையான வித்தியாசம் நேரத்துல இருக்கு. ஸ்கைடைவிங்ல 13,000 அடியில வெளிய வந்து, கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் விழுந்து, 3,000 அடி பக்கத்துல பாராசூட்டை திறப்போம், அது சரியா திறக்கலைன்னா அதை கழட்டி விட்டுட்டு ரிசர்வ் பாராசூட்டை இழுக்க நேரம் இருக்கு, நாம மயங்கிட்டாகூட ஒரு சின்ன கருவி உயரத்தை பார்த்து தானா ரிசர்வை திறந்து விட்டுடும். பேஸ்ல இது எதுவும் கிடையாது, முதுகுல இருக்கறது ஒரே ஒரு பாராசூட்தான். அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல ட்வின் ஃபால்ஸ் ஊர்ல பெரின் பாலம்னு ஒண்ணு இருக்கு, 486 அடி உயரம், வருஷம் முழுக்க பர்மிட் இல்லாம குதிக்கலாம், புதுசா கத்துக்கறவங்க நிறைய பேர் அங்கதான் போவாங்க. அந்த பாலத்துல இருந்து சும்மா விழுந்தா ஆறு செகண்டுக்குள்ள தண்ணியில அடிபட்டுடுவோம். பாராசூட்டை வெளிய எடுத்து, அது விரிஞ்சு, திசை திருப்பி, கரைக்கு கொண்டு வர்றது எல்லாம் அந்த கணக்குக்குள்ள நடக்கணும்.

இன்னொண்ணு, பிளேன்ல இருந்து குதிக்கும்போது பிளேனோட வேகம் நமக்கும் இருக்கும், காத்து உடம்பை தாங்கும், கை காலை அசைச்சு நிலைமையை சரி பண்ணிக்கலாம். பாறை விளிம்புல நின்னு குதிச்சா முதல் ரெண்டு செகண்டு காத்தே பிடிமானம் கொடுக்காது, எப்படி கால் எடுத்தீங்களோ அப்படியேதான் போவீங்க.

நிஜமா எவ்வளவு ஆபத்து? நம்பர் ஏதாவது இருக்கா?

இருக்கு. நார்வேயில லீசஃபியோர்டு கரையில கேராக்னு கிட்டத்தட்ட 1,000 மீட்டர் உயர மலை, அங்க உள்ளூர் கிளப் ஒவ்வொரு ஜம்ப்பையும் எழுதி வெச்சதால நல்ல கணக்கு கிடைச்சது. 1995-ல இருந்து 2005 வரைக்கும் 20,850 ஜம்ப், அதுல 9 பேர் இறந்தாங்க, உயிர் போகாத விபத்து 82. அதாவது சுமார் 2,300 ஜம்ப்புக்கு ஒரு சாவு, 250 ஜம்ப் சொச்சத்துக்கு ஒரு விபத்து. அமெரிக்க ஸ்கைடைவிங் சங்கம் 2023-க்கு சொன்ன கணக்கு 36.5 லட்சம் ஜம்ப்புக்கு 10 சாவு, ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாருங்க, நூறு மடங்குக்கும் மேல வித்தியாசம் வருது. இத்தனைக்கும் கேராக் நல்ல இடம், உயரம் நிறைய, பாறை செங்குத்து, கிளப் ஆளுங்க முதல்லயே உக்கார வெச்சு விளக்கம் சொல்லித்தான் அனுப்புவாங்க.

ஆளுக்கு எத்தனைன்னு பார்த்த ஒரு ஆய்வும் இருக்கு, 1981-ல இருந்து 2006 வரைக்கும் நடந்த 106 சாவை எடுத்து அலசினது, அதுல 2002-ம் வருஷத்துக்கு போட்ட மதிப்பீடு, பேஸ் பண்றவங்கள்ல 60 பேருக்கு ஒருத்தர் அந்த வருஷம் இறந்திருக்கார். 60 பேர்னா ஒரு கல்யாண வீட்ல முதல் பந்தியில உக்கார்ற கூட்டம்.

பேஸ் பண்றவங்களே ஒரு சாவு பட்டியல் வெச்சிருக்காங்க, 1981-ல தொடங்குது, 400-ஐ எப்பவோ தாண்டிடுச்சு. ஒவ்வொரு பேருக்கும் கீழ என்ன நடந்தது, எங்க தப்பு, காத்து எப்படி, பாராசூட்டை எப்படி மடிச்சிருந்தார்னு எழுதிருக்கும். புதுசா வர்றவங்களுக்கு முதல் வீட்டுப்பாடம் அதை முழுக்க படிக்கறதுதான், என் நண்பர் ஒருத்தர் அதை ரெண்டு தடவை படிச்சிருக்கார், ரெண்டாவது தடவை படிக்கும்போது அதுல மூணு பேர் அவருக்கு தெரிஞ்சவங்க.

சாவுக்கு முக்கிய காரணம் என்ன, பாராசூட் திறக்காம போறதா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. பாராசூட் திறந்த பிறகும் நிறைய பேர் அடிபடறாங்க. மலையில குதிக்கும்போது பாராசூட் முன்னாடி பார்த்து திறக்கணும், அது திரும்பி பாறையை பார்த்து திறந்துட்டா ஓரிரு செகண்டுல சுவத்துல மோதும், மோதினா துணி சுருங்கி பாறை ஓரமாவே கீழ உரசிட்டு போகும். மடிக்கறதுல சின்ன கோணல், குதிக்கும்போது ஒரு தோள் இறங்கினது, பக்கவாட்டு காத்து, எதுனாலயும் இது நடக்கும். பாராசூட்டை வெளிய இழுக்கற குட்டி குடையான பைலட் சூட் தாமதமாகறது, கயிறு மேல சிக்கறது, லேட்டா கை போறது, இதெல்லாமும் உண்டு.

அப்புறம் விங்சூட். கை கால் இடுக்குல துணி வெச்ச உடை, பறக்கும் அணில் மாதிரி முன்னாடி போகலாம். மலையை விட்டு தள்ளி பறக்க உதவினா அது பாதுகாப்புதான், ஆனா அதே உடையை போட்டுக்கிட்டு பாறையையும் மரத்தையும் உரசற மாதிரி பறக்க ஆரம்பிச்ச பிறகு சாவு கணக்கே மாறிடுச்சு. அதுல பொருள் பழுது எதுவும் கிடையாது, பறந்தவர் போட்ட கோடு ரெண்டு மீட்டர் தப்பா இருந்திருக்கும், அவ்வளவுதான்.

என் உயிர், என் இஷ்டம்னு அவங்க சொல்றது நியாயம்தானே?

பாதி நியாயம்னு நினைக்கறேன். வயசு வந்த ஒருத்தர் தெரிஞ்சே எடுக்கற முடிவை வேற யாரும் தடுக்க உரிமை இல்லைங்கறதை நான் ஒத்துக்கறேன், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா குதிச்ச பிறகு அது அவர் ஒருத்தரோட விஷயமா இருக்கறதில்ல. நான் கீழ நிக்கற ஆளா இருந்து பார்த்தது இது.

பாறை நடுவுல பாராசூட் மாட்டி ஒருத்தர் தொங்கினா அவரை எடுக்க ஹெலிகாப்டர்ல இருந்து கயிறுல இன்னொருத்தர் இறங்கணும், அவருக்கும் வீட்ல புள்ளைங்க இருக்கு. ஹெலிகாப்டர் இறக்கைக்கும் பாறைக்கும் நடுவுல இடைவெளி கொஞ்சம்தான், அங்க தளர்ந்து கிடக்கற பாராசூட் துணி காத்துல எழும்பினா ஹெலிகாப்டருக்கே ஆபத்து. நார்வேயில ட்ரோல்வெகன்னு 1,100 மீட்டர் செங்குத்து சுவர் இருக்கு, 1986-ல அங்க குதிக்கறதை சட்டம் போட்டு தடுத்தாங்க, காரணமே மீட்புக்கு போறவங்க உயிரை பணயம் வெக்க வேண்டியிருந்ததுதான்.

லாட்டர்புருன்னன்ல லேண்டிங் ஆகற இடம் எல்லாம் விவசாயிங்களோட புல்வெளி. நம்மூர்ல வைக்கோல் போர் மாதிரி அந்த புல்தான் அவங்க மாட்டுக்கு குளிர்காலம் முழுக்க தீவனம். உயரமா வளர்ந்த புல்லுல பத்து பேர் இறங்கி பாராசூட்டை இழுத்துட்டு நடந்தா அது படுத்துடும், வெட்ட முடியாது. அதனால சுவிஸ் பேஸ் சங்கம் லேண்டிங் கார்டுன்னு ஒண்ணு விக்குது, அந்த காசு விவசாயிங்களுக்கு போகுது. கார்டு வாங்காம குதிக்கறவனை என் நண்பர்கள் மதிக்கறதே இல்ல. அதே மாதிரி குதிக்கறதுக்கு முன்னாடி பள்ளத்தாக்குல இருக்கற ஹெலிகாப்டர் தளத்துக்கு போன் போட்டு சொல்லணும், ஏன்னா அதே ஆகாயத்துலதான் அவங்களும் பறக்கறாங்க.

முன்னாடி உயரத்தை அளக்க ஒரு கல்லை கீழ போட்டு செகண்டு எண்ணுவாங்க, கல் தரையில அடிக்கற சத்தம் வரைக்கும். கீழ நடந்து போறவங்க, பாறை ஏறறவங்க இருக்கற இடத்துல அந்த கல்லு ஒரு ஆளை கொன்னுடும். இப்போ லேசர் அளவுக்கருவி எல்லார்கிட்டயும் இருக்கு, இன்னும் கல்லு போடறவனை பார்த்தா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

சட்டத்தை மீறி குதிக்கறவங்களை என்ன சொல்றது?

இதுக்கு ஒரே வரியில பதில் கிடையாது, யோசமிட்டி கதையை சொன்னாத்தான் புரியும். கலிஃபோர்னியாவுல யோசமிட்டி தேசிய பூங்காவுல எல் காபிடன்னு ஒரு பாறை, சுமார் 3,000 அடி. 1966-லயே மைக்கேல் பெல்கி, பிரையன் ஷூபர்ட்னு ரெண்டு பேர் அங்க குதிச்சு எலும்பு முறிஞ்சாங்க. 1978-ல கார்ல் பேனிஷ் சதுர வடிவ பாராசூட்டோட ஆட்களை குதிக்க வெச்சு படம் எடுத்த பிறகுதான் இது ஒரு விளையாட்டா பரவ ஆரம்பிச்சது. 1980-ல பூங்கா நிர்வாகம் பர்மிட் கொடுத்து அனுமதிச்சு பார்த்துச்சு, அதே வருஷத்துலயே நிறுத்திடுச்சு. அதுக்கப்புறம் பிடிபட்டா அபராதம், கைது, பாராசூட் பறிமுதல்.

1999 ஜூன்ல ஃபிராங்க் கம்பாலினு ஒருத்தர் எல் காபிடன்ல குதிச்சு பத்திரமா இறங்கிட்டார், பூங்கா காவலுக்கு இருக்கற ரேஞ்சருங்க துரத்தினாங்க, தப்பிக்க மெர்செட் ஆத்துல இறங்கினார், பனி உருகி வெள்ளம் ஓடற நேரம், மூழ்கி செத்துப்போனார். ஜம்ப் கொல்லல, ஓட்டம் கொன்னுது. குதிக்கறது பாதுகாப்புதான், தடைதான் ஆபத்துன்னு காட்டறதுக்காக அதே வருஷம் அக்டோபர் 22 அன்னிக்கு அஞ்சு பேர் பகிரங்கமா போராட்ட ஜம்ப் பண்ண ஏற்பாடு, ரேஞ்சர், பத்திரிகைக்காரங்க, குடும்பம் எல்லாம் கீழ நின்னு பார்த்தாங்க. முதல் மூணு பேர் நல்லபடியா இறங்கிட்டாங்க. நாலாவதா ஜேன் டேவிஸ், 60 வயசு, அனுபவசாலி. எப்படியும் பறிமுதல் ஆகப்போகுதேன்னு தன்னோட சொந்த ரிக்கை, அதாவது முதுகுல மாட்டற பாராசூட் செட்டை, விட்டுட்டு, பழகாத ஒரு கடன் ரிக்கை போட்டுட்டு வந்திருந்தார். பாராசூட் திறக்கவே இல்ல, அவர் கணவர் கீழ நின்னு கேமராவுல படம் பிடிச்சிட்டிருந்தார்.

இதுல யாரை குத்தம் சொல்றது? பறிமுதல்ங்கற விதி மோசமான விதி, ஒருத்தரை பழைய பொருளை எடுத்துட்டு வர வெக்குது, அந்த கருத்தை நான் மாத்திக்க மாட்டேன். ஆனா பழகாத ரிக்கோட விளிம்புல நிக்கறதா வேண்டாமாங்கற முடிவு கடைசியில அவர் கையிலதான் இருந்தது. அஞ்சு பேர் வரிசை, கீழ டிவி கேமரா, ஒரு கொள்கைக்காக வந்திருக்கோம், அப்படி ஒரு நிலைமையில "நான் இன்னிக்கு குதிக்கல"ன்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சு பாருங்க.

அப்போ எல்லா இடத்துலயும் தடை போட்டா தீர்ந்துடாதா?

தீராது, ராத்திரியில குதிப்பாங்க, அடிபட்டா மீட்புக்கு போன் பண்ண பயப்படுவாங்க. ஒழுங்குபடுத்தினா என்ன ஆகும்ங்கறதுக்கு மேற்கு வர்ஜீனியாவுல நியூ ரிவர் கார்ஜ் பாலம் இருக்கு, 876 அடி, வருஷத்துல ஒரு நாள், அக்டோபர் மூணாவது சனிக்கிழமை, ரோட்டை மூடிட்டு நூத்துக்கணக்கான பேர் குதிப்பாங்க, ஆத்துல மீட்பு படகு நிக்கும், கரையில ஆம்புலன்ஸ் நிக்கும். மலேசியாவுல கோலாலம்பூர் டவர்லயும் பல வருஷமா வெளிநாட்டு ஆட்களை கூப்பிட்டு இதே மாதிரி நடத்திருக்காங்க, அங்க இருக்கற நம்ம ஆளுங்க பலர் கீழ நின்னு பார்த்திருப்பாங்க. அனுமதி இருந்தாலும் சாவு நடக்கும், ஆனா சுத்தி இருக்கறவங்க தயாரா இருப்பாங்க.

இன்னொரு பக்கமும் சொல்லணும். பிரான்ஸ்ல ஷமோனி ஊர்ல 2016 அக்டோபர்ல ஒரு விங்சூட் ஆள் ஒரு வீட்டு மேல மோதி இறந்தார், உடனே மேயர் விங்சூட்டுக்கு தடை போட்டார். உள்ள யாராவது சாப்பிட்டுட்டு இருந்திருந்தா? அந்த மேயர் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

பொறுப்பான ஜம்பர்னு யாரை சொல்லுவீங்க?

நான் நேர்ல பார்த்ததை சொல்றேன். ஒரு செப்டம்பர் காலை, என் நண்பரும் இன்னும் ரெண்டு பேரும் ம்யூரன் பக்கத்து காட்டு வழியா எக்ஸிட்டுக்கு போயிருந்தாங்க, அன்னிக்கு கீழ வேற ஆள் இருந்ததால நானும் கூட மேல போனேன். எக்ஸிட்னா பாறை விளிம்புல ரெண்டு பேர் நிக்கற அளவுக்கு மண்ணு, பிடிச்சுக்க ஒரு இரும்பு கம்பி, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. கீழ மாட்டு மணி சத்தம் மட்டும் கேட்கும்.

அவர் ஒரு குச்சியில நூலை கட்டி விளிம்புக்கு வெளிய நீட்டி பிடிச்சார். நூல் நேரா தொங்கும், அப்புறம் திடீர்னு பாறை பக்கமா சாயும், திரும்ப தொங்கும். வெயில் எதிர் சுவத்துல ஏறிட்டிருந்தது, பள்ளத்தாக்கு சூடாக ஆரம்பிச்சா காத்து கிளம்பிடும். பத்து நிமிஷம் பார்த்தார், இருபது நிமிஷம் ஆச்சு. கூட வந்த ரெண்டு பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துட்டு, சரி போலாம்னு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா குதிச்சாங்க. ரெண்டு பாராசூட்டும் பட்டுனு திறந்த சத்தம் சுவத்துல எதிரொலிச்சு வந்தது. இவர் இன்னும் அஞ்சு நிமிஷம் நூலை பார்த்தார், அப்புறம் குச்சியை கீழ வெச்சுட்டு நெஞ்சு பட்டையை கழட்டினார், ஹெல்மெட்டை கழட்டினார். கேபிள் கார்ல இறங்கிருக்கலாம், ஆனா நடந்தே வந்தார், ரெண்டு மணி நேரம் இறக்கம். அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசல. அப்புறம் "அவங்க நல்லா இறங்கினாங்கங்கறதுக்காக காத்து நல்லா இருந்துச்சுன்னு ஆயிடாது"ன்னு மட்டும் சொன்னார்.

எனக்கு அதுதான் இந்த விஷயத்துல நான் கேட்ட முக்கியமான வார்த்தை. தப்பான முடிவெடுத்தும் பத்திரமா இறங்கிட்டா, மனசு அதை சரியான முடிவுன்னு பதிஞ்சு வெச்சுக்கும், அடுத்த தடவை அதே காத்துல இன்னும் தைரியமா நிக்கும். அதை யாரும் வெளியில இருந்து திருத்த முடியாது. அதனால ஒருத்தர் எத்தனை ஜம்ப் பண்ணிருக்கார்னு நான் கேட்கறதில்ல, மேல வரைக்கும் போயிட்டு கடைசியா எப்ப குதிக்காம வந்தார்னு கேட்பேன். யோசிக்காம பதில் சொல்றவங்க கூட நான் நிம்மதியா நிப்பேன். அன்னிக்கு சாயங்காலம் எல்லாரும் ஒண்ணா சாப்பிட்டோம், குதிச்ச ரெண்டு பேரும் அவரை ஒரு வார்த்தை கிண்டல் பண்ணல. கிண்டல் பண்ற குழுவா இருந்தா அதை விட்டு விலகிடுங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

நிறைய அனுபவம் இருந்தா ஆபத்து குறையும்தானே?

சில வகை ஆபத்து குறையும். ஆனா பேரை எல்லாம் பாருங்க. இந்த விளையாட்டுக்கு பேர் வெச்ச கார்ல் பேனிஷ் 1984 ஜூலையில ட்ரோல்வெகன்ல மனைவியோட சேர்ந்து உலக சாதனை ஜம்ப் பண்ணினார், அதே வாரத்துல அதே சுவத்துல வேற ஒரு இடத்துல இருந்து குதிச்சு இறந்தார். 1966-ல எல் காபிடன்ல குதிச்சு பிழைச்ச பிரையன் ஷூபர்ட், நாப்பது வருஷம் கழிச்சு 2006-ல நியூ ரிவர் பாலத்துல, கூட்டத்துக்கு முன்னாடி, பாராசூட் லேட்டா திறந்து இறந்தார். இமயமலையில 7,700 மீட்டர்ல சோ ஓயு மலையில இருந்து 2016-ல குதிச்ச ரஷ்யாக்காரர் வலேரி ரோசோவ் அடுத்த வருஷமே ஆமா டப்லம்ங்கற இன்னொரு இமயமலை சிகரத்துல குதிச்சு இறந்துட்டார். மலை ஏறறதுல பெரிய பேர் எடுத்த டீன் பாட்டர், 2015 மே 16 சாயங்காலம் யோசமிட்டியில டாஃப்ட் பாயின்ட்ல இருந்து கிரஹாம் ஹன்டோட விங்சூட்ல குதிச்சார், ரெண்டு பேருமே பாறையில மோதி இறந்தாங்க.

அனுபவம் கூடக்கூட இடம் கஷ்டமாகுது, கோடு பாறைக்கு நெருங்குது, அப்போ ஆபத்து அதே அளவுல நிக்குது, சிலருக்கு ஏறியும் போகுது. பேஸ் பண்றவங்க 68 பேர்கிட்ட எடுத்த ஒரு சர்வேயில 72 சதவீதம் பேர் கூட குதிச்சவங்க சாவையோ பலத்த காயத்தையோ கண்ணால பார்த்திருக்காங்க, 76 சதவீதம் பேர் மயிரிழையில தப்பிச்சிருக்காங்க. அதுக்கப்புறமும் குதிக்கறாங்கன்னா பயம் இல்லாதவங்கன்னு நினைக்காதீங்க, என் நண்பர் பேக்கிங் பண்றதை பார்த்தா தெரியும். வீட்டு ஹால்ல கார்ப்பெட் மேல பாராசூட்டை விரிச்சு ஒவ்வொரு மடிப்பையும் கிளிப் போட்டு பிடிச்சு ஐம்பது நிமிஷம் மடிப்பார், நடுவுல யாராவது பேச்சு கொடுத்தா எல்லாத்தையும் பிரிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிப்பார்.

ஸ்பான்சர், வீடியோ, லைக்ஸ், இதுக்கெல்லாம் பங்கு இல்லையா?

நிச்சயமா இருக்கு. 2016 ஆகஸ்ட் மாசம் ஆல்ப்ஸ்ல சாவு மேல சாவு, அந்த மாசத்துல ஒருத்தர் சுவிட்சர்லாந்துல ஃபேஸ்புக் லைவ் போட்டுட்டே குதிச்சார், பார்த்துட்டு இருந்தவங்களுக்கு கடைசியில சத்தம் மட்டும் கேட்டது. அவங்கள்ல எத்தனை பேருக்கு இன்னும் அந்த சத்தம் காதுல இருக்கோ.

2014 நவம்பர்ல கிளிஃப் பார்னு அமெரிக்க தின்பண்ட கம்பெனி, டீன் பாட்டர், பேஸ் ஜம்ப்பும் பண்ற ஸ்டெஃப் டேவிஸ்ங்கற பொண்ணு, கயிறு இல்லாம பாறை ஏறற அலெக்ஸ் ஹானல்ட் உட்பட மலை ஏறறவங்க அஞ்சு பேரோட ஸ்பான்சர் ஒப்பந்தத்தை நிறுத்துச்சு, இவங்க எடுக்கற அளவு ரிஸ்க்குல இருந்து லாபம் பார்க்க எங்களுக்கு மனசு ஒப்பலைங்கற காரணத்தை சொல்லி. நிறைய பேர் கம்பெனியை திட்டினாங்க, இத்தனை வருஷம் அவங்க முகத்தை வெச்சு வித்துட்டு இப்போ என்ன திடீர் ஞானம்னு. அந்த கோவம் எனக்கும் புரியுது. ஆனா காசு கொடுக்கறவன் "இதுல என் பங்கு என்ன"ன்னு ஒரு நாளாவது கேட்டானேன்னு பார்க்கறேன். நாமளும் கேட்கணும், பாறையை உரசிட்டு போற வீடியோவுக்கு வர்ற பார்வை தள்ளி பறக்கற வீடியோவுக்கு வர்றதில்ல, அந்த பார்வை நாமதான்.

புதுசா வர்றவங்களுக்கு கத்துக்கொடுக்கறவரோட பொறுப்பு என்ன?

லைசென்ஸ் கொடுக்கற அரசாங்க அமைப்பு இதுக்கு இல்லாததால கத்துக்கொடுக்கற ஆள்தான் வாசல். நல்ல கோர்ஸ் நடத்தறவங்க குறைஞ்சது 200 ஸ்கைடைவ் இருக்கான்னு கேட்பாங்க, பாராசூட்டை சின்ன இடத்துல துல்லியமா இறக்க தெரியுமான்னு பார்ப்பாங்க. ஒருத்தனை வேண்டாம்னு திருப்பி அனுப்பறது அவங்க வருமானத்துல கை வெக்கற விஷயம், அப்படியும் அனுப்பறவங்ககிட்டதான் கத்துக்கணும். எனக்கே ஒருத்தர் வேண்டாம்னு சொன்னார், உன் லேண்டிங் இன்னும் பத்தாதுன்னு. அன்னிக்கு வருத்தமா இருந்தது, இன்னிக்கு அவர் மேல பெரிய மரியாதை. புது இடத்துக்கு போனா அந்த ஊர் ஜம்பர்ங்களை கேட்காம குதிக்கக்கூடாதுங்கறதும் எழுதாத சட்டம், ஒரு வெளியூர்க்காரன் பண்ற தப்புல அந்த இடமே எல்லாருக்கும் மூடிடும்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

சுவிட்சர்லாந்துல வேலை பாக்கறவங்களுக்கு கட்டாய விபத்து காப்பீடு இருக்கு, சூவாங்கற நிறுவனம் பேஸ் ஜம்ப்பை அதிதீவிர ஆபத்து வகையில வெச்சிருக்கு. ஆஸ்பத்திரி செலவு வரும், ஆனா சம்பளத்துக்கு ஈடா வர்ற பணம், பென்ஷன் மாதிரியானதெல்லாம் பாதியா குறையும். குடும்பம் இருக்கறவங்க இதை முதல் ஜம்ப்புக்கு முன்னாடியே படிச்சிருக்கணும், பாதி பேர் படிக்கறதில்ல.

குழந்தை குட்டி இருக்கறவங்க இதை பண்ணலாமா?

மலை ஏறறவங்களை, பைக் ரேஸ் ஓட்டறவங்களை நாம இந்த கேள்வி கேட்கறதில்ல. அதுக்காக கேள்வி தப்புன்னு சொல்ல வரல. 2013 ஆகஸ்ட்ல ஸ்டெஃப் டேவிஸோட கணவர் மாரியோ ரிச்சர்ட் இத்தாலியில டோலமைட் மலையில விங்சூட்ல இறந்தார், அதே இடத்துல ஸ்டெஃப்பும் குதிச்சிருந்தார். கணவர் போன பிறகும் ஸ்டெஃப் குதிக்கறதை விடல. ஜீன் பேனிஷும் கணவர் இறந்த அதே மலையில சீக்கிரமே திரும்ப குதிச்சார். வெளியில இருந்து பார்த்து இதை கல்மனசுன்னு சொல்றவங்களோட நான் ஒத்துப்போக மாட்டேன், துக்கத்தை ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி சுமக்கறாங்க.

என் நண்பர் ஒருத்தருக்கு பொண்ணு பொறந்ததும் விங்சூட்டை வித்துட்டார், பெரிய சுவர்ல சாதா ஜம்ப் மட்டும், வருஷத்துக்கு பத்தோ பன்னெண்டோ. இன்னொருத்தர் மொத்தமா நிறுத்திட்டார். மூணாவது ஆள் எதையும் குறைக்கல, கேட்டா மனைவிக்கு தெரியும்னு சொல்றார். என்ன தெரியும்னு நான் கேட்டேன், அந்த 60-ல ஒருத்தர்ங்கற நம்பர் தெரியுமா, இல்ல "அவர் ஜாக்கிரதையா இருப்பார்"ங்கறது மட்டும் தெரியுமா? அவரால உடனே பதில் சொல்ல முடியல. நம்பரை சொல்லாம வாங்கின சம்மதத்தை நான் சம்மதம்னே எடுத்துக்க மாட்டேன்.

விபத்தை நேர்ல பார்த்தா என்ன பண்ணணும்?

சுவிட்சர்லாந்துல 1414-க்கு போன் பண்ணுங்க, அது ரேகா மீட்பு ஹெலிகாப்டர். ஆள் விழுந்த இடத்துல இருந்து கண்ணை எடுக்காதீங்க, மேல இருந்து பார்க்கறவங்களுக்கு இடம் சொல்ல நீங்கதான் வேணும். பாராசூட் துணி விரிஞ்சு கிடந்தா, பக்கத்துல போறது பத்திரம்னா மட்டும், அதை சுருட்டி மேல ஏதாவது கனமா வைங்க. வீடியோ எடுக்காதீங்க. எடுத்திருந்தாலும் போலீஸ் தவிர யாருக்கும் அனுப்பாதீங்க, செய்தி வீட்டுக்கு போறதுக்கு முன்னாடி வீடியோ போயிடுது, அது அந்த குடும்பத்துக்கு செய்யற பெரிய கொடுமை.

என் பையன் இதுல இறங்கிட்டான், தடுத்து பார்த்தேன் கேட்கல, நான் என்ன பண்றது?

இந்த கேள்வியை என்கிட்ட கேட்டது ஒரு அம்மா, போன்ல, ரொம்ப நேரம் அழுதுட்டு. அவங்களுக்கு சொன்னதையே எழுதறேன் அம்மா. சண்டை போட்டு அவன் சொல்லாம போற நிலைமைக்கு கொண்டு வராதீங்க, சொல்லிட்டு போற பையன்தான் நமக்கு வேணும். யார்கிட்ட கத்துக்கறான், அவர் பேர் என்ன, எத்தனை ஸ்கைடைவ் முடிச்சிருக்கான், எந்த ஊர் மலை, கூட யார், இதை எல்லாம் கேளுங்க, கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. இன்சூரன்ஸ் பேப்பரை காட்ட சொல்லுங்க. கடைசியா எப்ப குதிக்காம திரும்பினான்னு கேளுங்க, கேட்டுட்டு அந்த பதிலுக்கு சந்தோஷப்படுங்க, அவன் குதிச்ச கதைக்கு மட்டும் காது கொடுத்து கேட்காதீங்க.

கீழ நிக்கற ஆள் யாருன்னு தெரிஞ்சு அவர் நம்பரை வாங்கி வெச்சுக்கோங்க, உங்க நம்பரையும் அவர்கிட்ட கொடுத்து வைங்க. என் நண்பரோட அக்கா நம்பர் என் போன்ல இருக்கு, பேருக்கு பக்கத்துல அவர் ரத்த குரூப்பும் காப்பீடு எண்ணும். அவர் மேல இருந்து "போறேன்"னு சொன்னதும் நான் போனை பாக்கெட்ல வெக்க மாட்டேன், கையிலயே வெச்சிருப்பேன், அவர் புல்லுல கால் வெச்சு கையை தூக்கி காட்டற வரைக்கும். அப்புறம் அக்காவுக்கு ஒரு மெசேஜ், "இறங்கிட்டார்". அவங்க ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷத்துக்குள்ள பதில் போட்டுடுவாங்க, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு தூங்க வேண்டிய நேரமா இருந்தாலும்.